களிசான் நீளவில்லை, அப்பா

அப்பா,

இன்று காலை அம்மா உங்கள் பெட்டியைத் திறந்தார். நல்ல துணிகளைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். அந்தச் சாம்பல் நிற நீளக் களிசானை எடுத்து உதறியதும் மிளகுத் தூசி கிளம்பி எனக்குத் தும்மல் வந்துவிட்டது. எத்தனை தடவை துவைத்தாலும் உங்கள் துணியிலிருந்து அந்த மிளகு ஸ்டோர் போகாது. கொடுக்கும் முன் கால்களின் கீழ் மடிப்பைப் பிரித்துவிடலாமென்று அம்மா பிளேடை எடுத்தார். ஒரு மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு இருந்தது. அதற்குள்ளும் ஒன்று. மூன்று வரிசைத் தையல், மூன்றும் வேறு வேறு நிற நூல். நான் பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டே முக்கால் அங்குலம்.

அந்த மடிப்புகளைப் போட்டபோது வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிரித்தோம்.

"ஒங்கப்பா களிசான் மட்டும் நீளுது தம்பி. ஊர்ல எல்லாருக்கும் தண்ணியில போட்டா துணி சுருங்கும், இவருக்கு வளருது," என்றார் அம்மா.

"கடக்காரன் ஏமாத்திட்டான்டி. இழுபடுற நூலப் போட்டு நெய்ஞ்சிருக்கான்," என்றீர்கள் நீங்கள்.

"களிசான விடுங்க, சட்டக் கையும் நீளுதே?"

"அதுவும் அதே கடதானே."

நானும் சிரித்தேன். நான் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும், எத்தனையோ பேரிடம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பாலங்களையும் கட்டடங்களையும் சோதிக்கிற ஆய்வுகூடத்தில் கொங்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று எழுதுகிற ஆள் நான். ஒரு தூண் கால் அங்குலம் இறங்கியிருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். என் வீட்டில் ஒரு மனிதர் இரண்டே முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

உங்களுக்கு இழுப்பு வந்தது ஸ்டோரில்தான். மிளகு, கராம்பு, சாக்குத் தூசி. இருபத்தைந்து வருடம் மூட்டை தூக்கி, சலித்து, நிறுத்து, கட்டிய நெஞ்சு. முதல் தடவை மூச்சுத் திணறியபோது யட்டவத்தையில் ஒரு டிஸ்பென்சரி டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வாயில் வைத்து உறிஞ்சுகிற ஒரு பம்ப் எழுதினார். கூடவே, ஐந்து நாளைக்கு மட்டும் என்று சொல்லிச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். தப்பே சொல்ல முடியாத வைத்தியம். தப்பெல்லாம் நாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

பம்பை நீங்கள் தொடவில்லை. "பம்ப் அடிச்சா பழகிரும்டா. அப்புறம் சாகுற வரைக்கும் வாயில வச்சிக்கிட்டே திரியணும். நாலு பேர் முன்னால அத உறிஞ்சிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றீர்கள். லயத்தில் எல்லோரும் சொல்வது அதுதான். பம்ப் என்றால் கடைசி நிலை, மாத்திரை என்றால் சும்மா மருந்து. உண்மை நேர் தலைகீழ். பம்ப் மருந்தைக் கொஞ்சமாக நெஞ்சுக்குள் மட்டும் போடும். மாத்திரை உடம்பு முழுக்கப் போய்ச் சேரும். இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

வெள்ளை மாத்திரை மாயம் போல வேலை செய்தது. மூன்றாம் நாள் இழுப்பு நின்றது. பசி வந்தது. ஐந்து நாள் முடிந்து இரண்டு வாரத்தில் இழுப்பு திரும்ப வந்தபோது நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள். "தொரை, அந்த வெள்ள மாத்திர முடிஞ்சிருச்சு." எனக்கு அன்று சைட்டில் வேலை. திரும்ப டிஸ்பென்சரி வரிசையில் அரைநாள் நிற்க நான் ஆளில்லை. மாத்தளை டவுனில் ஒரு மருந்துக் கடையில் வெறும் மாத்திரைப் பட்டையைக் காட்டினேன். எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். "ரெண்டு பட்ட தாங்க" என்றேன். பிறகு நாலு. பிறகு நீங்கள் கேட்பதற்கு முன்பே வாங்கிவிடுவேன். சம்பள நாளில் அம்மாவுக்குச் சீனி, பருப்பு, உங்களுக்கு வெள்ளை மாத்திரை. நாலு வருடம் அப்பா. ஐந்து நாளைக்குக் கொடுத்த மருந்து.

முகம் உருண்டது. கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. லயத்தில் என்ன சொன்னார்கள்? "அண்ணன் தெளிஞ்சிட்டாரு, மகன் நல்லாப் பாக்குறான் போல." நீங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எம்மகன் வாங்கித் தர்ற மாத்திரையிலதான் மூச்சே ஓடுது" என்றீர்கள். அம்மன் தேருக்குக் கூட்டத்தோடு நின்றபோதும் யாரோ ஒருவரிடம் அதையே சொன்னீர்கள். பெருமையாக இருந்தது எனக்கு. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு ஒரு நாள் பைப்படியில் தண்ணீர் வாளியைத் தூக்கினீர்கள். நூறு இறாத்தல் மூட்டையைத் தோளில் ஏற்றிய ஆள், ஒரு வாளிக்கு அப்படியே நின்றுவிட்டீர்கள். "முதுகு புடிச்சிக்கிச்சு" என்றீர்கள். மூன்று வாரம் தைலம் தேய்த்தார் அம்மா. நான் போனில் கத்தினேன். "வெயிட் தூக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" பிடிப்பு இல்லை அது. முதுகெலும்பு உள்ளுக்கு நசுங்கியிருந்தது. வாளி ஒரு சாட்டு. அதற்கு முன்பே ஒன்று நசுங்கி, சத்தமில்லாமல் ஒட்டிப்போயிருந்தது. முதுகு குறுகித் தோளும் இடுப்பும் சரிய, துணி கீழே இறங்கியிருக்கிறது. இரண்டாவது மடிப்பு அம்மா போட்டது அந்த நாட்களில்தான் என்று இப்போது கணக்கு வருகிறது.

கிளினிக்கில் அந்த டொக்டர் மிஸ்ஸை ஞாபகம் இருக்கும். சின்னப் பிள்ளை, என் வயதுதான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சதுரமாக இருக்க வேண்டிய எலும்பு, முன்பக்கம் சப்பி, கேக் துண்டு மாதிரி இருந்தது. கண்டிக்கு அனுப்பி எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வந்த எண் மைனஸ் மூன்றுக்கும் கீழே. அது எவ்வளவு மோசம் என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்கு ஒரே பார்வையில் புரிந்தது. நல்ல கொங்கிரீட்டை நன்றாகக் குத்தி நிரப்பாவிட்டால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். மேலே பூசி மெழுகியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பாரம் வரும் நாளில் தெரியும்.

"இது பொம்பளைங்களுக்கு வர்ற நோவுன்னுல்ல மிஸ் சொல்லுவாங்க?" என்றீர்கள்.

"ஆம்பளைக்கும் வரும் அப்பா. சில மருந்து நெறைய நாள் எடுத்தா கெதியா வரும்," என்று அவர் தன் பாதித் தமிழில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஸ்டீராய்ட் ஏதாவது எடுத்தாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வெள்ளை மாத்திரையின் பெயரைச் சொல்லி, நாலு வருடம் என்றேன். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை, நான் வாங்கினேன் என்றேன். நீங்கள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். விளக்கினார். எலும்பு செத்த கல் இல்லையாம். தினமும் ஒரு பக்கம் உடைத்து, ஒரு பக்கம் கட்டிக்கொண்டே இருக்கிற வேலைத்தலம். அந்த வெள்ளை மாத்திரை நாள்கணக்கில் போனால் கட்டுகிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். உடைக்கிற ஆட்கள் மட்டும் நிற்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அதை எடுக்கிற எவருக்கும் எலும்பைப் பார்த்தே ஆக வேண்டும், காப்பாற்ற மருந்து இருக்கிறது என்றார். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பம்புக்கு மாற்ற வேண்டும் என்றார். கடைசியாக, "அவருக்கு நீங்களே வடிவா விளங்கப்படுத்துங்க. நான் சொல்றத விட மகன் சொன்னாக் கேப்பாரு," என்றார். சரி என்றேன்.

வெளியே வந்ததும் கேட்டீர்கள். "என்னடா இங்கிலீசுலயே பேசிக்கிட்டீங்க? என்ன காரணமாம்?"

"வயசு," என்றேன். "எலும்பு தேஞ்சிருச்சாம்."

"அம்பத்தெட்டு ஒரு வயசா? எனக்கு முந்திப் பொறந்தவனெல்லாம் நிமிந்து நடக்குறான்."

"ஒங்க ஒடம்புவாகு அப்படி. பஸ் போயிரும், வாங்க."

உங்கள் மகன் முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று பெயர். கொந்தராத்துக்காரனிடம் அவன் கொங்கிரீட் குப்பை என்று சொல்வேன், இஞ்சினியரிடம் அவர் வரைந்தது பிழை என்று சொல்வேன். உங்களிடம் வயசு என்று சொன்னேன்.

அவசரம் அதோடு முடியவில்லை. புது மாத்திரை கொடுக்கிற யன்னலில் நர்ஸ், எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். வாரத்தில் ஒன்றுதான், அதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார். உள்ளே இருக்கிற தாளை வாசித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் வாசித்து, உங்களுக்கு ஒரே மூச்சில் சொன்னேன். "ஞாயித்துக்கெழம காலையில. வெறும் வயித்துல. ஒரு பெரிய கப் தண்ணி. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு தொரை."

ஒன்றரை வருடம் ஒரு ஞாயிறு தவறவில்லை நீங்கள். மழை நாளில்கூட விடியற்காலை முகம் கழுவி, வாசல் பக்கம் கதிரையைப் போட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருப்பீர்கள். கீழே விழுந்த நெருப்புப்பெட்டியை எடுத்துத் தரச் சொன்னால், "இன்னும் பதினோரு நிமிசம் இருக்கு, நான் குனியக் கூடாது" என்பீர்கள். "தோட்டத்துக் கங்காணிக்குக்கூட இப்படி நிமிந்து நிக்கல" என்று அம்மா சீண்டுவார். நான் வந்து நின்ற ஞாயிறுகளில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி இருக்கும். என் கையிலும் ஒன்று.

இரண்டாவது ஸ்கேன் முதலாவதை விட மோசம். டொக்டர் மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை மாத்திரை குறைந்து நின்றுவிட்டது, பம்ப் அடிக்கிறீர்கள், வார மாத்திரையும் ஒழுங்காக எடுக்கிறீர்கள். பிறகு ஏன்? உங்களைக் கேட்டார்.

"அப்பா, ஞாயித்துக்கெழம எழும்பினதும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"மூஞ்சி கழுவுவேன் மிஸ்."

"பொறகு?"

"தேத்தண்ணி குடிப்பேன்."

"பொறகு?"

"மாத்திர. பொறகு அரை மணி நேரம் ஒக்காந்திருப்பேன். கூட ஒரு தேத்தண்ணி குடிப்பேன். சாப்பாடு ஒண்ணும் தொடமாட்டேன் மிஸ், கேட்டுப்பாருங்க. ஒரு பிஸ்கட்கூட இல்ல."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

தேத்தண்ணியை நம் வீட்டில் யார் கணக்கில் எடுத்தார்கள்? பிள்ளை பிறந்ததும் நாக்கில் படுகிறது, விரதத்துக்குக் குடிக்கிறோம், இரத்தம் சோதிக்கப் போகிற காலையிலும் குடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறோம். பொய் இல்லை அது. நமக்கு அது சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை, மூச்சு மாதிரி. தாளில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. வெறும் தண்ணீர் மட்டும், தேநீர் கோப்பி கூடாது, மருந்து உடம்பில் சேராது என்று. நான் வாசித்தேன் அப்பா. வாசித்துவிட்டு, அதைச் சொல்லத் தேவையில்லை என்று விட்டேன். தொழிற்கல்லூரிக்குப் போய் வந்தாலும் எனக்கும் உடம்புக்குள் தேத்தண்ணிதான் ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை வருடம் பார்த்தும் கண்ணில் படவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் போட்டது?" என்று கேட்டீர்கள்.

"அநேகமா வேல செஞ்சிருக்காது அப்பா. இனி சரியா எடுப்போம்," என்றார் அவர், மெதுவாக.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "சனியன், எனக்குத்தான் புத்தியில்ல," என்றீர்கள். உங்களுக்கு! அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒன்பது ஞாயிறுகள். அம்மா அடுப்பையே பிந்திப் பற்றவைத்தார். தேத்தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம் சிறையில் இருப்பது போலிருக்கிறது என்றீர்கள். எலும்புக்கு ஒன்பது வாரம் ஒரு கணக்கே இல்லை. அது கட்டிமுடிய வருடங்கள் வேண்டும். பத்தாவது வாரம், வழுக்கவில்லை, தடுக்கவில்லை, குசினிப் படியில் திரும்பினீர்கள், விழுந்தீர்கள். இடுப்பு. விழுந்து உடைந்ததா, உடைந்து விழுந்தீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள்.

ஒப்பரேஷன் நடந்தது. ஆணி வைத்தார்கள். உங்களைச் சாகவைத்தது இடுப்பு இல்லை, படுக்கை. படுத்தே கிடந்ததில் அந்தப் பழைய நெஞ்சு சளி கட்டி நிமோனியா ஆனது. வாசித்துப் பார்த்தேன், எல்லாம் முடிந்த பிறகு. இடுப்பு உடைகிற ஆண்கள் அதே வயதுப் பெண்களைவிட அதிகமாகப் போய்ச் சேருகிறார்களாம். ஆண்களை யாரும் சோதிப்பதில்லை, அவர்களும் போவதில்லை. இப்போது அதெல்லாம் எனக்கு விரல் நுனியில் இருக்கிறது. வெயில், நடை, நெத்தலி மீன், குரக்கன் கூழ், எப்போது ஸ்கேன், எந்த மருந்தை எப்படி எடுப்பது. கேட்க ஆளில்லை. லயத்தில் இரண்டு பேர் அந்த வெள்ளை மாத்திரை போடுகிறார்கள் என்று தெரிந்து போய்ச் சொன்னேன். கேட்டார்கள், தலையாட்டினார்கள். "தம்பி படிச்சவரு" என்றார்கள். போன வாரமும் கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார்கள். அம்மாவைக் கிளினிக்குக் கூப்பிட்டேன். "எனக்கென்னடா, நல்லாத்தானே நடக்குறேன்" என்கிறார். அவர் சேலைக் கரையும் தரையில் இழுபடுகிறது. கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகலாம். எந்த முகத்தோடு என்றுதான் தெரியவில்லை.

இனி, சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். உங்கள் எலும்பைத் தின்றது வயசு இல்லை, அப்பா. நான் மாதம் மாதம் வாங்கித் தந்த வெள்ளை மாத்திரை. மூச்சு ஓடுவதற்கென்று நீங்கள் ஊரெல்லாம் சொன்ன அதே மாத்திரை. டொக்டர் அதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னார்.

வார்டில் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஒப்பரேஷன் முடிந்த நாலாம் நாள், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கை உடைந்து வந்தவர், உங்கள் வயதுதான். அவருக்கும் இழுப்பு. அவர் நெஞ்சு விசிலடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. நான் சோற்றுப் பார்சலோடு வந்தபோது நீங்கள் தலையைத் திருப்பி அவரோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"டொக்டர் சொன்னதால பம்ப் அடிக்கிறேன் அண்ணே. ஆனா அந்த மாத்திர மாதிரி வராது. சின்னது, வெள்ள. மூணே நாள்ல நெஞ்சத் தொறந்து விட்டுரும். நாலு வருசம் எனக்கு ஒரு இழுப்பு இல்ல. இந்தா, வாங்கித் தந்தவனே வந்துட்டான். டேய், அண்ணனுக்கு அந்தப் பேர எழுதிக் குடு."

அவர் நல்ல கையால் தலையணைக்கடியில் துழாவி ஒரு துண்டுக் கடதாசி எடுத்து நீட்டினார். பேனையும் அவரே தந்தார். ஒரு வாக்கியம் போதும். அதை எடுக்காதீர்கள், அதுதான் அப்பாவின் எலும்பைத் தின்றது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேருக்கும் சொல்லி முடித்திருக்கலாம். நான் கடதாசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேர் மறந்துபோச்சு," என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் எதையும் மறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். முகம் கொஞ்சம் வாடியது. அது எனக்காக இல்லை, அந்த மனிதருக்கு முன்னால் வார்த்தை கொடுத்துவிட்டீர்களே, அதற்காக. பிறகு மெல்ல அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"மன்னிச்சிக்குங்க அண்ணே. பாலம், ரோட்டுன்னு அவனுக்குத் தலைக்கு மேல வேல. கெட்ட புள்ள இல்ல, மறந்துட்டான்."

"அதுக்கென்ன," என்றார் அவர். "வெள்ள மாத்திரன்னு கேட்டாக் கடையில குடுப்பானுங்க."

மறுநாள் காலை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. அதிலிருந்து ஆறாம் நாள் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே கிடக்கிறது. என்னிடம் இருப்பது, எனக்காக நீங்கள் அந்த மனிதரிடம் கேட்ட மன்னிப்பு மட்டும்தான்.